இணைப்பு உங்கள் பெயரில், பகிர்வு தம்பி கையில்: பெயர் மறைக்கும் வலைகளும் பதிப்புரிமைச் சட்டமும்

வணக்கம் சகோதரி. மற்றவர்களுக்கும் புரியவேண்டும் என்பதால் முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கமாக எழுதிவிடுகிறேன். ஏற்காட்டில் ஒண்டிக்கடைக்குப் பக்கத்தில் நான்கு அறைகளோடு ஹோம்ஸ்டே நடத்துகிறீர்கள். சேலத்தில் கல்லூரியில் படிக்கும் உங்கள் தம்பி, ஆபீஸ் அறையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் கணினிக்குக் கணினி நேராகக் கோப்பு பகிரும் டோரன்ட், யார் பகிர்கிறார்கள் என்பதை மறைத்துப் பகிரும் ஐ-டூ-பி, ஃப்ரீநெட் என மூன்று மென்பொருள்களையும் போட்டு இரவு பகலாக ஓடவிட்டிருக்கிறான். அதில் சேலத்துப் பழைய சினிமா ஸ்டுடியோவான மாடர்ன் தியேட்டர்ஸ் காலத்துப் படங்களும் இருக்கின்றன, போன மாதம் தியேட்டருக்கு வந்த படங்களும் இருக்கின்றன. கேட்டால், "பழைய படத்துக்கெல்லாம் உரிமையே கிடையாதுக்கா. இதுல யாரு என்னன்னே தெரியாது, பிடிக்கவே முடியாது" என்கிறான். அதே வலையில் யாரோ கட்டிவிட்ட வால்பேப்பர் தொகுப்பு ஒன்றில், பகோடா பாயிண்டில் நீங்கள் எடுத்த பனிமூட்டப் படங்கள் உங்கள் பெயர் வெட்டப்பட்டுச் சுற்றுகின்றன. அதைக் கண்டுபிடித்துக் காட்டியதும் அவன்தான். இதையெல்லாம் வைத்திருப்பதே குற்றமா, பிரச்சினை வந்தால் இணைப்பு உங்கள் பெயரில் இருப்பதால் உங்களைத்தான் பிடிப்பார்களா, உங்கள் படங்களுக்கு என்ன பாதுகாப்பு: இவை உங்கள் மூன்று கேள்விகள்.

நான் சேலம் கோர்ட்டில் வழக்கறிஞர். அதற்கு முன் ஐந்து ரோடு பக்கம் ஆறு வருடம் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். அதனால் மென்பொருள் பக்கத்தையும் சட்டப் பக்கத்தையும் சேர்த்தே சொல்கிறேன். ஒரு சொல்லைப் பற்றி முன்கூட்டியே: பேச்சில் எல்லோரும் காப்புரிமை என்கிறார்கள். சட்டத்தில் அது கண்டுபிடிப்புகளுக்குத் தரும் பேட்டன்ட். படம், பாட்டு, புத்தகம், புகைப்படம் இவற்றுக்கு உள்ளது பதிப்புரிமை.

சுருக்கமான விடை இது. ஐ-டூ-பி, ஃப்ரீநெட், இவை போலவே முகவரியை மறைக்கும் டோர், வி.பி.என் எதையும் இந்தியாவில் வைத்திருப்பதோ பயன்படுத்துவதோ குற்றமில்லை. அதன் வழியே அடுத்தவருக்கு உரிமையான படத்தை அனுமதியில்லாமல் பகிர்வது குற்றம். எந்த வழியாகப் பகிர்ந்தீர்கள் என்று சட்டம் பார்ப்பதில்லை, என்ன செய்தீர்கள் என்றுதான் பார்க்கிறது. முகத்தை மறைத்துக்கொள்வதால் ஆளைக் கண்டுபிடிப்பது கடினமாகும், குற்றம் ஒரு பொட்டும் குறையாது. அந்தக் கடினமும் உங்கள் தம்பி நினைக்கிற அளவுக்கு இல்லை.

முதலில் டோரன்டை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் ஆபத்து அதில்தான் அதிகம். தம்பி வீட்டில் இருக்கும்போது ஒரு காரியம் செய்யுங்கள். அந்த மென்பொருளில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு படத்தைச் சொடுக்கிவிட்டு, கீழே பீர்ஸ் என்று இருக்கும் பகுதியைத் திறக்கச் சொல்லுங்கள். வரிசையாக ஐ.பி. முகவரிகள், அதாவது ஒவ்வொரு இணைய இணைப்புக்கும் உள்ள எண்கள், வரும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அவர் எந்த நாடு, எந்த மென்பொருள் வைத்திருக்கிறார், படத்தில் எத்தனை சதவீதம் அவரிடம் இருக்கிறது, இந்த நொடியில் உங்கள் கம்ப்யூட்டர் அவருக்கு எவ்வளவு வேகத்தில் அனுப்புகிறது என்பதெல்லாம் ஓடும். என்னிடம் வரும் பையன்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன். "இவங்க எல்லாரையும் நீ பாக்குறியே, அவங்க உன்னைப் பாக்க மாட்டாங்களா?" என்று கேட்டதும் முகம் மாறிவிடும். படத்தின் உரிமையாளர் அமர்த்திய நிறுவனம் ஒன்று அதே கூட்டத்தில் சாதாரண ஆள் போல உள்ளே வந்து, இந்த முகவரி, இந்தத் தேதி, இந்த நொடி என்று குறித்துக்கொண்டு போனால் போதும். யாரையும் ஹேக் செய்யத் தேவையில்லை.

டோரன்டை டோர் வழியாக ஓட்டினால் தப்பிக்கலாம் என்றும் ஒரு நம்பிக்கை உலவுகிறது. வேண்டாம் என்று டோர் அமைப்பே 2010-லேயே எழுதிவிட்டது. டோரன்ட் மென்பொருள் தன் உண்மையான முகவரியைச் செய்திக்குள்ளேயே எழுதி, யாரிடம் எந்தப் படம் இருக்கிறது என்று கணக்கு வைக்கும் டிராக்கர் கணினிக்கு அனுப்பிவிடும். தபாலில் அனுப்புநர் பெயரை மறைத்துவிட்டு, உள்ளே கடிதத்தில் கதவு எண்ணோடு விலாசம் எழுதின மாதிரி.

ஐ-டூ-பி, ஃப்ரீநெட் இரண்டும் இதைவிட நன்றாக மறைப்பவை, அதை மறுக்கமாட்டேன். ஐ-டூ-பியில் ஒருவர் இன்னொருவருக்கு நேராக அனுப்புவதில்லை. பல கணினிகள் வழியே, அடுக்கடுக்காகப் பூட்டிய பொதியாகப் போகும். ஆனால் நீங்கள் அந்த வலையில் இருக்கிறீர்கள் என்பது தெரியும். என்ன செய்கிறீர்கள் என்பதுதான் தெரியாது. ஃப்ரீநெட் 2000-ல் இயான் கிளார்க் என்ற எடின்பரோ மாணவர் தொடங்கியது. 2023-ல் அதன் பெயர் ஹைஃபனெட் என்று மாறியது. ஒரு கோப்பை 32 கிலோபைட் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றையும் பூட்டி, பங்கேற்பவர்களின் ஹார்ட் டிஸ்க்கில் ஆங்காங்கே வைத்துவிடும். கம்ப்யூட்டரில் இடம் தானாக நிறைந்துகொண்டே போகிறது என்று எழுதியிருந்தீர்களே, காரணம் இதுதான். அங்கே இருப்பது உங்கள் தம்பி தேடி எடுத்தது மட்டுமில்லை, முன்பின் தெரியாதவர்களின் துண்டுகளும். என்ன இருக்கிறது என்று அவனாலும் திறந்து பார்க்க முடியாது. இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், மிகவும் கவலைப்பட வேண்டிய இடம் அது.

"பிடிக்கவே முடியாது" என்பதற்கு ஜப்பானிய வின்னியின் கதையைச் சொல்லுங்கள். ஃப்ரீநெட்டைப் பார்த்து, அதைவிட வேகமாக ஓடவேண்டும் என்று 2002-ல் இசாமு கனேகோ என்ற டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வாளர் எழுதிய மென்பொருள் அது. பெயர் மறைந்திருக்கும் என்று நம்பி லட்சக்கணக்கானோர் பயன்படுத்தினார்கள். 2003 நவம்பரில் கியோட்டோ போலீஸ் பகிர்ந்தவர்கள் இருவரைக் கைது செய்தது. அடுத்த ஆண்டு கனேகோவையே கைது செய்தார்கள். கீழ்க்கோர்ட் 2006-ல் அவருக்கு 15 லட்சம் யென் அபராதம் விதித்தது. மேல்கோர்ட் 2009-ல் விடுவித்தது, உச்ச நீதிமன்றம் 2011-ல் அதை உறுதி செய்தது. கருவியைச் செய்தவர் கடைசியில் தப்பினார். ஆனால் ஏழு வருடம் கோர்ட்டுக்கு அலைந்து, 2013-ல் இறந்தும் போனார். இடையில் வின்னி வழியாகப் பரவிய வைரஸ் போலீஸ் ஆவணங்களையும் ராணுவ ஆவணங்களையும் வெளியே கொட்டியது. இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று 2006-ல் ஜப்பான் அரசே மக்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் விருந்தினர்களின் ஆதார் நகல்கள் இருக்குமே, அதை நினைத்துப் பாருங்கள்.

"நான் நடுவில் கடத்திவிடுகிறவன்தானே" என்ற வாதமும் எல்லா நாட்டிலும் எடுபடவில்லை. ஜெர்மனியில் ஹாம்பர்க் நீதிமன்றம் 2012-ல் இப்படி ஒரு வழக்கைப் பார்த்தது. நண்பர்களுக்குள் மட்டும் பூட்டிய பொதிகளாகப் பகிரும் ரெட்ரோஷேர் என்ற வலை. இன்னொருவர் அனுப்பிய பாட்டு தன் கணினி வழியாகக் கடந்து போனதற்கு, இணைப்பின் சொந்தக்காரருக்கு எதிராகத் தடை உத்தரவு வந்தது. அது அந்த நாட்டுச் சட்டம், இங்கே அப்படியே பொருந்தாது. ஆனாலும் கடத்திவிடுவது ஒன்றுமே இல்லை என்று நினைப்பவர்கள் அறிந்திருக்கட்டும்.

இனி நம் சட்டம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு, தெரிந்தே உரிமையை மீறுபவருக்கும் அதற்கு உடந்தையாக இருப்பவருக்கும் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. வியாபார லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் காரணத்தை எழுதிவைத்துவிட்டு நீதிபதி இதைவிடக் குறைக்கலாம். இரண்டாவது முறை என்றால் குறைந்தது ஓராண்டு. இது பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய, ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றம் என்று 2022 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. 64-ஆவது பிரிவின்படி ஒரு சப்-இன்ஸ்பெக்டர் வாரன்ட் இல்லாமலேயே அந்தக் கம்ப்யூட்டரை எடுத்துப் போகலாம். ஏழாண்டுக்குட்பட்ட தண்டனை என்பதால், எடுத்த எடுப்பில் கைது செய்யாமல் முதலில் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் தரவேண்டும் என்பதே பொது நடைமுறை. அந்த நோட்டீஸ் வந்தால் ஒளியாதீர்கள், வழக்கறிஞரோடு போங்கள்.

பார்ப்பது குற்றமா என்பதில் நாட்டில் பெரிய குழப்பம் இருந்தது. 2016-ல் முடக்கப்பட்ட தளங்களைத் திறந்தால், பார்த்தாலே மூன்று ஆண்டு சிறை என்கிற மாதிரி ஓர் எச்சரிக்கை வந்தது, நினைவிருக்கலாம். வெறுமனே பார்ப்பது மட்டும் குற்றம் இல்லை, அனுமதியின்றி விநியோகிப்பதும் பொதுவில் காட்டுவதும்தான் குற்றம் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த வாசகத்தைத் திருத்தச் சொன்னது. இதைப் பிடித்துக்கொண்டு "அப்ப நான் பாக்கத்தானே செய்றேன்" என்று உங்கள் தம்பி சொல்லக்கூடும். இந்த வலைகளின் அமைப்பு அவனுக்கு அந்த வாய்ப்பைத் தருவதில்லை. டோரன்டில் இறக்கும்போதே ஏற்றவும் செய்கிறான். இறக்கி முடித்த பிறகும் சீட் செய்கிறான், அதாவது மற்றவர்களுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறான். அதற்கு மேல், "பொதுமக்களுக்குத் தெரிவித்தல்" என்பதற்குச் சட்டம் தரும் விளக்கத்தில், கிடைக்கும்படி வைத்தாலே போதும், யாராவது உண்மையில் பார்த்தார்களா என்பது தேவையில்லை. இரவெல்லாம் ஒருவர்கூட எடுக்காவிட்டாலும், கதவைத் திறந்து வைத்தது வைத்ததுதான்.

நடைமுறையில் இந்தியாவில் இறக்கிப் பார்க்கும் தனியாளைத் தேடிக்கொண்டு போலீஸ் வருவது அரிது என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். தயாரிப்பாளர்கள் தளங்களையும் முதலில் ஏற்றுகிறவர்களையும்தான் துரத்துகிறார்கள். ஆனால் இருபத்து நான்கு மணி நேரமும் புதுப் படங்களைப் பகிரும் கணினி, இறக்கிப் பார்ப்பவரின் பட்டியலில் வராது. அது ஏற்றுகிறவரின் பட்டியல்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2004-ல் வீடியோ திருடர்களையும் சேர்த்தார்கள். சினிமாப் படத்தின் உரிமையை மீறுபவரை விசாரணைக்கு முன்பே, ஓராண்டு வரை தடுப்புக் காவலில் வைக்க அது வழி செய்கிறது. அந்தத் திருத்தம் வந்த சமயம் என் பிரவுசிங் சென்டர் ஓடிக்கொண்டிருந்தது. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த ஒரு சி.டி. கடையில் ஒருநாள் சாயங்காலம் போலீஸ் வந்து, சி.டி.களை அரிசிச் சாக்கில் அள்ளிக் கட்டிக்கொண்டு போனார்கள். முதலாளி ஊரில் இல்லை. கல்லாவில் உட்கார்ந்திருந்த பையனைத்தான் கூட்டிப்போனார்கள். இரண்டு வாரம் கழித்து அவன் அம்மா என் கடைக்கு மனு டைப் அடிக்க வந்தார். கோடு போட்ட நோட்டுத் தாளில் பென்சிலால் எழுதி, நாலாக மடித்து, சுருக்குப் பையில் வைத்திருந்தார். "ஜாமீன் வாங்கிக் குடுங்க சாமி" என்று திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னார். தடுப்புக் காவலில் ஜாமீன் என்பதே கிடையாது, அந்தக் காவல் சரியா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்துக்குத்தான் எழுதவேண்டும் என்பதை அவருக்குப் புரியவைக்க எனக்கே அன்றைக்குத் தெரியவில்லை. நான் சட்டம் படிக்கப் போனதற்கு அந்தத் தாளும் ஒரு காரணம். வீட்டிலிருந்து பகிரும் மாணவன் மீது உடனே குண்டர் சட்டம் பாயும் என்று பயமுறுத்தவில்லை. ஆனால் எடுக்கக்கூடிய ஆயுதம் அரசின் கையில் இருக்கிறது. அது யார் தலையில் விழும் என்பதை முதலாளி யார், பையன் யார் என்று பார்த்துத் தீர்மானிப்பதில்லை.

தியேட்டரில் செல்போனில் எடுத்த பிரதிகள் என்றால் 2023-ல் திருத்திய சினிமாட்டோகிராஃப் சட்டமும் வருகிறது. படம் பிடிப்பவருக்குக் குறைந்தது 3 மாதச் சிறையும் 3 லட்ச ரூபாய் அபராதமும் உண்டு. அபராதம் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகலாம். டிஜிட்டல் புரொஜெக்டரில் ஓடும் படத்தில் எந்தத் திரையரங்கு, எந்த நேரம் என்ற குறி கண்ணுக்குத் தெரியாமல் பதிந்திருக்கும். எங்கே எடுத்தார்கள் என்று அதை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள்.

பழைய படங்களைப் பற்றி உங்கள் தம்பி சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதிக்காக அவனைப் பாராட்டவும் செய்கிறேன். ஏற்காடு அடிவாரத்துக்குப் போகும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவாயில் வளைவைப் பார்க்காமல் நீங்கள் சேலத்துக்கு இறங்க முடியாது. டி.ஆர். சுந்தரம் 1935-ல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார்கள். இன்றைக்கு மிஞ்சி நிற்பது அந்த நுழைவாயில்தான். அந்தப் படங்கள் அழியக்கூடாது என்று ஒரு சேலத்துப் பையன் நினைப்பது நல்ல விஷயம். திரைப்படத்துக்குப் பதிப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டு. தமிழின் முதல் வண்ணப்படமான அலிபாபாவும் 40 திருடர்களும் இங்கே எடுத்தது, 1956-ல் வந்தது. அதன் உரிமை 2016 டிசம்பரோடு முடிந்துவிட்டது. வெளியான ஆண்டோடு 60 கூட்டுங்கள், அந்த ஆண்டு டிசம்பர் 31 கடந்திருந்தால் படம் பொதுச் சொத்து. கணக்கு அவ்வளவுதான்.

ஆனால் பாட்டு எழுதியவருக்கும் கதை எழுதியவருக்கும் தனிக் கணக்கு, வாழ்நாளும் இறந்த பின் 60 ஆண்டும். கண்ணதாசன் 1981-ல் மறைந்தார். அவர் வரிகளுக்கு 2041 முடியும்வரை உரிமை இருக்கிறது. படத்தை முழுதாக வைத்திருப்பது ஒன்று, பாட்டு வரிகளை மட்டும் தனியே உரித்து வெளியிடுவது வேறு. யாரோ பணம் செலவழித்துச் சீர்செய்து, வண்ணம் சேர்த்து, தங்கள் முத்திரையோடு வெளியிட்ட புதுப் பிரதியை எடுத்துப் பகிர்ந்தாலும் சண்டை வரும். பழைய பிலிம் பிரதியிலிருந்தோ பழைய டேப்பிலிருந்தோ மாற்றியதை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த மாதிரிப் பகிர்வுக்கு முகமூடியே தேவையில்லை. சொந்தப் பெயரிலேயே செய்யலாம். புத்தகங்களும் அப்படித்தான். 1949-ல் பாரதியிலிருந்து தொடங்கி அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் நூல்களை யாரும் தாராளமாகப் பகிரலாம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை இலவசமாகவே தருகிறது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. ஐ.பி. முகவரியிலிருந்து ஆளுக்கு வரும் பாதை உங்கள் பில்லில்தான் முடிகிறது. இணைய நிறுவனங்கள் இந்தப் பதிவுகளை இரண்டு ஆண்டு வைத்திருக்கவேண்டும் என்று 2021 டிசம்பரில் உரிம விதியை மாற்றினார்கள். ஒரே முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்வதால் தப்பிக்கலாம் என்பார்கள். நேரமும், அந்தந்த இணைப்புக்குத் தனியாக ஒதுக்கிய போர்ட் எண்ணும் சேர்ந்து கிடைத்தால் பிரித்துவிட முடியும். புதிய ஐ.பி.வி-6 முகவரியில் அந்தக் குழப்பமும் பெரும்பாலும் இல்லை. 2008-ல் ஆமதாபாத் குண்டுவெடிப்பை ஒட்டி வந்த மிரட்டல் மின்னஞ்சல், பூட்டாமல் விட்ட யாரோ ஒருவருடைய வைஃபையிலிருந்து போயிருந்தது. அவருக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் போலீஸ் முதலில் போய் நின்றது அவர் வீட்டு வாசலில்தான்.

பெயர் பில்லில் இருப்பதாலேயே நீங்கள் குற்றவாளி ஆகிவிடமாட்டீர்கள். 63-ஆவது பிரிவுக்குத் "தெரிந்தே" என்ற சொல் வேண்டும். அங்கேதான் உங்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: இந்தக் கேள்வியை எழுதிய நாளிலிருந்து "எனக்குத் தெரியாது" என்ற வாதம் உங்களிடம் இல்லை. தெரிந்தும் ஓடவிட்டால் உடந்தை என்று வாதிட அரசு வழக்கறிஞருக்கு அதிகம் கஷ்டமிருக்காது. இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்கவேண்டும். அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து அறைகளில் உள்ள டி.வி.க்குப் படம் போகிறதா? மழைக்காலத்தில் விருந்தினர் கேட்கிறார்கள் என்று பென் டிரைவில் போட்டுக் கொடுக்கிறீர்களா? தங்கும் விடுதி அறைகளுக்கு ஒரே நேரத்தில் படம் அனுப்புவதையும் பொதுமக்களுக்குத் தெரிவித்தலாகவே சட்டம் கருதுகிறது. வாடகை வாங்கும் இடம் என்பதால் "லாபத்துக்காக இல்லை" என்று சொல்லித் தண்டனை குறைக்கக் கேட்கும் வழியும் அடைபடும். அதை இன்றைக்கே நிறுத்துங்கள்.

வீட்டு இணைப்பையும் விருந்தினர் வைஃபையையும் பிரித்துவிடுங்கள். இப்போது வரும் ரூட்டர்களில் கெஸ்ட் என்று தனியாகவே இருக்கிறது. கடவுச்சொல்லை மாதம் ஒருமுறை மாற்றி, எந்தத் தேதியில் எது இருந்தது என்று விருந்தினர் ரிஜிஸ்டரிலேயே ஓரத்தில் குறித்துவிடுங்கள். பெரிய செலவில்லாத வேலை, ஆனால் ஒருநாள் அந்த ரிஜிஸ்டர் உங்கள் பக்கம் பேசும்.

நான் பின்னால் சொல்கிறேன் என்றது இது. ஃப்ரீநெட் போன்ற வலைகளில் சினிமாவைவிடப் பயங்கரமானவையும் சுற்றுகின்றன. குழந்தைகளைப் பாலியல் கொடுமை செய்யும் படங்கள் அவை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67-பி பிரிவும் போக்சோ சட்டம் 15-ஆவது பிரிவும் அவற்றைப் பகிர்வதை மட்டுமல்ல, தேடுவதையும் இறக்குவதையும் வைத்திருப்பதையும் தொடுகின்றன. சென்னை அம்பத்தூர் வழக்கு ஒன்றில், வைத்திருந்து பார்த்தது மட்டும் குற்றமாகாது என்று உயர் நீதிமன்றம் விடுவித்ததை, 2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. போக்சோவில் குற்ற மனம் இருந்ததாகவே முதலில் கருதப்படும், இல்லை என்று காட்டவேண்டியது குற்றம் சாட்டப்பட்டவரின் பொறுப்பு. உங்கள் டிஸ்க்கில் பூட்டிய துண்டுகளாக என்ன கிடக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, தம்பிக்கும் தெரியாது. அமெரிக்காவில் போலீசே ஃப்ரீநெட்டில் தங்கள் கணினிகளை நுழைத்து, எந்த அண்டைக் கணினி எத்தனை துண்டு கேட்கிறது என்று எண்ணி, கேட்டது யாராக இருக்கும் என்று கணித்து வீடு தேடிப் போயிருக்கிறார்கள். உங்கள் தொழிலிடத்தில், விருந்தினர்களின் குழந்தைகள் வந்து விளையாடும் வீட்டில், இந்த ஒரு காரணத்துக்காகவே அது இருக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. எப்போதாவது அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் யாருக்கும் அனுப்பிக் காட்டாதீர்கள், காட்டுவதும் பகிர்வுதான். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பெயர் சொல்லாமலும் புகார் தரலாம்.

மூன்று மென்பொருள்களையும் நிறுத்தி எடுத்துவிடுங்கள். உரிமை இல்லாத படங்களையும் அழித்துவிடுங்கள். இதெல்லாம் புகாரோ நோட்டீஸோ வருவதற்கு முன் செய்யவேண்டியது. நோட்டீஸ் கையில் வந்துவிட்டால் ஒரு கோப்பைக்கூடத் தொடாதீர்கள். அப்போது அழிப்பது சாட்சியத்தை அழித்த தனிக் குற்றமாகிவிடும். கம்ப்யூட்டரை எடுக்க வந்தால், தேடுதலை வீடியோ எடுக்கவேண்டும் என்று 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. பறிமுதல் பட்டியலின் நகலையும் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் புகைப்படங்களுக்கு வருவோம். ஷட்டரை அழுத்திய நொடியிலேயே பதிப்புரிமை உங்களுடையது. பதிவு செய்யவேண்டும் என்ற கட்டாயமில்லை. பதிவு செய்தால், கோர்ட்டில் அந்தப் பதிவேடே முதல்நிலைச் சாட்சி. கட்டணம் ஒரு படத்துக்கு 500 ரூபாய். விண்ணப்பித்த பிறகு யாராவது ஆட்சேபம் சொல்கிறார்களா என்று 30 நாள் காத்திருப்பார்கள். எல்லாப் படத்தையும் பதிவு செய்யாதீர்கள், அது வீண் செலவு. காலண்டருக்கோ ரிசார்ட் விளம்பரத்துக்கோ விலைபோகக்கூடிய நாலைந்து படம் போதும். பெயரை வெட்டி எறிந்தது தனித் தவறு. படைத்தவர் என்று சொல்லப்படும் உரிமை 57-ஆவது பிரிவில் இருக்கிறது. உரிமைக் குறிப்பைத் தெரிந்தே நீக்குவதற்கு 65-பி பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை.

பெயர் மறைக்கும் வலையின் வலியை இங்கேதான் நீங்கள் உணர்வீர்கள். திறந்த இணையத்தில் யாராவது உங்கள் படத்தைப் போட்டால், அந்தத் தளத்துக்கு எழுத்தில் புகார் தரலாம். 36 மணி நேரத்துக்குள் எடுக்கவேண்டும், கோர்ட் உத்தரவு கொண்டுவர உங்களுக்கு 21 நாள் அவகாசம். ஃப்ரீநெட்டில் புகாரை யாரிடம் கொடுப்பது? தளமும் இல்லை, உரிமையாளரும் இல்லை. உங்கள் தம்பி பாதுகாப்பு என்று கொண்டாடும் அதே சுவர்தான் உங்கள் படத்தைத் திருடியவரையும் காக்கிறது. ஒரே ஆறுதல், யாரும் கேட்காத துண்டுகள் அந்த வலையில் மெல்ல மெல்ல உதிர்ந்துவிடும். ஐ-டூ-பியிலும் சீட் செய்ய ஆளில்லாவிட்டால் தொகுப்பு செத்துவிடும். ஆகவே அந்தத் தொகுப்புக்கு வழிகாட்டும் இணைப்புகள் திறந்த இணையத்தில் எங்கெங்கே இருக்கின்றனவோ அங்கெல்லாம் புகார் கொடுங்கள். வேருக்குப் போகும் தண்ணீர் நின்றுவிடும்.

யாரென்று தெரியாதவர் மீதும் வழக்குப் போடலாம். நம் நாட்டில் அந்த முகம் தெரியாத பிரதிவாதிக்கு அசோக் குமார் என்று பெயர் வைப்பது வழக்கம். சென்னை உயர் நீதிமன்றத்தில் தயாரிப்பாளர்கள் படம் வெளியாகும் முன்பே வாங்கும் உத்தரவுகள் பல இந்த அசோக் குமார் மீதுதான். அத்தனை செலவு ஒரு வால்பேப்பர் தொகுப்புக்கு வேண்டாம் என்பேன். ஆனால் யாராவது ரிசார்ட்டோ, டிராவல்ஸ்காரரோ, காலண்டர் அச்சடிப்பவரோ அந்தத் தொகுப்பிலிருந்து எடுத்து வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால் விடாதீர்கள். வலையில் இலவசமாகக் கிடைத்தது என்பது சட்டத்தில் பதிலே ஆகாது. 62-ஆவது பிரிவு பலருக்குத் தெரியாத ஒரு வசதியைத் தருகிறது. எதிராளி எந்த ஊர்க்காரராக இருந்தாலும், நீங்கள் குடியிருந்து தொழில் நடத்தும் இடத்தின் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். நீங்கள் டெல்லிக்கோ மும்பைக்கோ அலையவேண்டாம், அவர் சேலத்துக்கு வரவேண்டும்.

அதற்குக் கையில் வைத்திருக்க வேண்டியவை: கேமராவிலிருந்து வந்த அசல் ரா கோப்பு, அதே காலையில் முன்னும் பின்னும் எடுத்த படங்கள், முதன்முதலில் நீங்கள் வெளியிட்ட தேதி. திருடியவரிடம் இறுதிப் படம் ஒன்றுதான் இருக்கும். பனி விலகுவதற்கு முன் எடுத்த பன்னிரண்டு ஷாட்டும் உங்களிடம் மட்டும்தான் இருக்கும். பழைய மெமரி கார்டுகளை அழித்து மறுபடி பயன்படுத்தாமல், தேதி எழுதி ஒரு டப்பாவில் போட்டுவையுங்கள். ஏற்காட்டு ஈரத்தில் கார்டு கெட்டுப்போகும், சிலிக்கா பொட்டலம் ஒன்றும் உள்ளே போடுங்கள். மென்பொருளை எடுப்பதற்கு முன், அந்த வால்பேப்பர் தொகுப்பின் பெயர், வலையில் அதை எடுக்க உதவும் சாவி, ஏற்றியவர் வைத்திருக்கும் புனைபெயர், பார்த்த தேதி ஆகியவற்றை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், திரையைப் படமும் எடுக்கச் சொல்லுங்கள். தொகுப்பைப் புதிதாக இறக்கவோ பகிரவோ வேண்டாம். இந்த வேலையை உங்கள் தம்பியிடமே கொடுங்கள். அந்த வலையின் சந்துபொந்து அவனுக்குத் தெரியும், அக்காவின் பெயரை வெட்டியவன் மேல் அவனுக்கும் கோபம் இருக்கும்.